தேவ சமுகத்தில் உட்கார மனதை எப்படி ஆயத்தப்படுத்துவது? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக்குப் பின்னால் நின்று தேநீர் குடிக்கும்போது, புதிதாக வந்த பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, ஜெபம் பண்ண உட்கார்றேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகல, மனசு மோட்டார் லோனுக்குப் போயிடுது. எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

உங்களுக்கு மட்டும் இல்லை. இருபது வருடமாக விசுவாசத்தில் இருக்கிறவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் இதற்குச் செய்யக்கூடியவை சில உண்டு, அவை கடினமும் இல்லை. எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். இப்போது டவுனில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. அந்தத் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் மனதை ஆயத்தப்படுத்துவது பற்றி நான் கற்றதில் பாதி, அம்மா ரப்பர் பாலுக்காக மரம் சீவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்து வந்ததுதான்.

முதலில் ஒரு சொல். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு ‘தேவ சமுகம்’ என்றதும் சமூகம், மக்கள் கூட்டம் என்றுதான் தோன்றுகிறது. வேதத்தில் சமுகம் என்றால் முன்னிலை, சந்நிதி. எபிரெய மூலத்தில் இந்த இடங்கள் பலவற்றில் இருப்பது ‘முகம்’ என்ற சொல். யாத்திராகமம் 33:14இல் கர்த்தர் மோசேயிடம் "என் சமுகம் உனக்கு முன்பாகச் செல்லும், நான் உனக்கு இளைப்பாறுதல் தருவேன்" என்கிறார். ஆக, தேவ சமுகத்தில் உட்காருவது என்றால் அவருடைய முகத்துக்கு நேரே உட்காருவது. அவரை எங்கிருந்தோ வரவழைக்க வேண்டியதில்லை, அவர் அங்கேதான் இருக்கிறார். வந்து சேர வேண்டியது நாம்தான். உடம்பு நாற்காலியில் இருக்கும், மனது பேங்க் வாசலில் நிற்கும். அந்த மனதைக் கூட்டி வருவதைத்தான் ஆயத்தம் என்கிறோம்.

எஸ்றா 7:10ஐ வாசித்துப் பாருங்கள். கர்த்தருடைய வேதத்தை ஆராயவும் அதன்படி செய்யவும் "எஸ்றா தன் இருதயத்தைப் பக்குவப்படுத்தியிருந்தான்" என்று இருக்கிறது. பக்குவம்! மாங்காய்க்கும் மாவுக்கும் நாம் சொல்கிற அதே சொல். மாவை அரைத்த கையோடு தோசை ஊற்ற முடியாது அல்லவா. இதற்கு எதிர்ப்பக்கம் ரெகொபெயாம். 2 நாளாகமம் 12:14, அவன் பொல்லாப்புச் செய்ததற்குக் காரணமாக, கர்த்தரைத் தேடுவதற்குத் தன் இருதயத்தை நேராக்கவில்லை என்பதைச் சொல்கிறது. சாலொமோனின் மகன், ஆலயம் இருந்த ஊரிலேயே 17 வருடம் ராஜாவாக இருந்தவன். ஆலயத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் மனது ஆயத்தமாகவில்லை.

முந்தின இரவே தொடங்குங்கள்

அம்மாவின் நாள் விடிகாலை நாலு மணிக்குத் தொடங்கும். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போக வேண்டும். ஆனால் கத்தியை அவர் விடியலில் தீட்டி நான் பார்த்ததில்லை. இரவு சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, லயத்து வாசற்படியில் உட்கார்ந்து கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டுவார். கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் இன்னும் தீட்ட வேண்டும். பிடித்துக்கொண்டால் சரி, துணியில் சுற்றி வாளிக்குள் வைத்துவிட்டுத் தூங்கப் போவார்.

காலை ஜெபம் கெட்டுப்போவது பெரும்பாலும் முந்தின இரவில்தான். பன்னிரண்டு மணி வரை கைப்பேசியில் வீடியோ பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்தால், கண் எரியும், மண்டைக்குள் அந்த வீடியோதான் ஓடும். அதனால் என் முதல் ஆலோசனை இது. இரவு கைப்பேசியைச் சமையலறையில் சார்ஜ் போட்டு வையுங்கள், படுக்கைக்குக் கொண்டுபோகாதீர்கள். அலாரம் வேண்டுமே என்பீர்கள். கடிகாரக் கடையில் சின்ன அலாரம் கடிகாரம் கிடைக்கும், அதை வாங்குங்கள். பேச்சுக்காகச் சொல்லவில்லை, இந்த ஒன்றை மாற்றியே பலருக்கு விடியல் நேரம் திரும்பக் கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அலாரத்தை நிறுத்தக் கைப்பேசியை எடுத்தால் வாட்சாப்பில் நாற்பது செய்தி நிற்கும். அதைத் தாண்டி வந்து ஜெபிக்க எனக்கே முடியாது.

அப்புறம், நாளை எதை வாசிக்கப் போகிறோம் என்று இரவே பார்த்து அந்தப் பக்கத்தில் ஒரு நூல் வைத்துவிடுங்கள். வேதம், நோட்டு, பேனா மூன்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும். காலையில் பேனா தேடி எழுந்தால் அப்படியே பாத்திரம் கழுவப் போய்விடுவோம்.

எந்த நேரம், எந்த இடம்

விடிகாலைதான் என்று சட்டம் இல்லை. இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து தனித்த இடத்துக்குப் போய் ஜெபம்பண்ணினார் என்று மாற்கு 1:35 சொல்வது உண்மை. அதற்கு முந்தின சாயங்காலம் பட்டணத்தார் எல்லாரும் வீட்டு வாசலில் கூடியிருந்தார்கள், நோயாளிகளைச் சுகமாக்கினார் என்பதையும் சேர்த்து வாசியுங்கள். வேலை ஓய்ந்த மனிதராக அவர் எழுந்து போகவில்லை. சரி, ஆனால் ஈப்போ பக்கம் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்துக் காலை எட்டு மணிக்கு வீடு வந்து சேரும் தம்பிக்கு எது விடியல்? அவன் குளித்துச் சாப்பிட்டுப் படுக்கப் போவதற்கு முன் இருக்கும் கால் மணி நேரம்தான் அவனுக்கு விடியல். பாதுகாவலர் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், ரோந்து சுற்றி வந்து உட்காரும் நள்ளிரவு நேரத்தைத் தேர்ந்துகொண்டார். உங்கள் மனது ஓரளவு தெளிவாக இருக்கும் நேரம் எதுவோ, அதைக் கொடுங்கள். தூக்கத்தில் சொக்கி விழும் மிச்ச நேரத்தைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

இடமும் அப்படித்தான். மத்தேயு 6:6இல் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்று இருக்கிறதே, எங்கள் வீட்டில் இரண்டே அறை என்று ஒரு சிஸ்டர் கவலைப்பட்டார். அங்கே மூலமொழியான கிரேக்கத்தில் இருக்கும் சொல், பொருள் போட்டு வைக்கும் உள்ளறைக்கும் சொல்லப்படுவது. அரிசி மூட்டை இருக்கிற அறை என்றே வைத்துக்கொள்ளுங்களேன். என் இடம் பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கொசுவத்தி, ஒரு மேசை விசிறி. விடிகாலையில் சூராவிலிருந்து (சிறிய பள்ளிவாசல்) பாங்கு கேட்கும், கொஞ்ச நேரத்தில் கோயில் மணி, அப்புறம் ரயில். ஆரம்பத்தில் இதெல்லாம் இடைஞ்சல் என்று நினைத்தேன். இப்போது பாங்கு சத்தம்தான் எனக்கு மணி: ஊர் எழுந்துவிட்டது, நானும் உட்கார வேண்டும். ஒன்று மட்டும் கவனியுங்கள், இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரே நாற்காலியில் பத்து நாள் உட்கார்ந்தால், பதினோராம் நாள் அதில் உட்கார்ந்ததுமே மனது பாதி அடங்கிவிடும்.

ஒட்டுப்பாலை உரியுங்கள்

இதுதான் முக்கியமானது, இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

அம்மா மரத்தடிக்குப் போனதும் உடனே கத்தி வைக்க மாட்டார். போன தடவை சீவிய கோட்டில் பால் காய்ந்து ரப்பர் நாடாவாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் ஒட்டுப்பால். அதன் நுனியை நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பில் உரிப்பார். சர்ரென்று வரும். உரித்ததைப் பைக்குள் போட்டுக்கொள்வார், அதற்கும் காசு உண்டு. மங்கு என்கிற பால் கிண்ணத்தைத் துடைத்து நேராக வைப்பார். பிறகுதான் பட்டையை மெல்லிசாகச் சீவுவார். காய்ந்ததை உரிக்காமல் கத்தி வைத்தால் சீவல் சரியாக விழாது, புதுப்பாலும் கோட்டை விட்டு வழிந்து மரத்தோடு போய்விடும். பாலை வரவழைப்பது அம்மா கையில் இல்லை. வெயில் ஏறுமுன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் தானாக ஓடும். அதற்குத்தான் அந்த இருட்டுப் பயணம். கத்தியைத் தீட்டி, ஒட்டுப்பாலை உரித்து, மங்கைத் துடைத்து, நேரத்துக்குப் போய்ச் சீவுவது, இவ்வளவுதான் அவர் பங்கு.

நம் பங்கும் அவ்வளவுதான். தேவ பிரசன்னத்தை உணர வேண்டும், கண்ணீர் வர வேண்டும், உடம்பு சிலிர்க்க வேண்டும் என்று எதையும் நாமே உண்டாக்கப் பார்க்க வேண்டாம். காய்ந்து ஒட்டியிருப்பதை உரித்துவிட்டு உட்காருவோம்.

என் கதையைச் சொல்கிறேன். அம்மா இறந்த பிறகு அவர் சங்கிலி யாருக்கு என்பதில் எனக்கும் தங்கைக்கும் பேச்சு வந்தது. நான் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னேன். மூன்று வாரம் பேசவில்லை. அந்த மூன்று வாரமும் நான் ஒருநாள் விடாமல் விடியலில் நாற்காலியில் உட்கார்ந்தேன். வேதம் வாசித்தேன், பாடினேன். சுவரோடு பேசுவது போலத்தான் இருந்தது. ஆண்டவரே, ஏன் மௌனமாக இருக்கிறீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் வாசிப்பு மத்தேயு 5ஆம் அதிகாரத்துக்கு வந்தது. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவன், தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும் என்று 23, 24 வசனங்கள் சொல்கின்றன. நூறு தடவை வாசித்திருப்பேன். அன்றைக்குத்தான் கவனித்தேன், உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அங்கே இல்லை. அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்றுதான் இருக்கிறது.

நோட்டை மூடிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். கோலகங்சார் போகும் வழியில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) வாங்கினேன். தங்கை கதவைத் திறந்து என்னையே பார்த்தாள். கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. "வாக்கா, உள்ள வந்து தண்ணி குடி" என்றாள். நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே "சம்பல் ரொம்ப காரம்" என்றாள். சங்கிலி இன்றும் அவளிடம்தான் இருக்கிறது. மறுநாள் விடியலில் நாற்காலியில் உட்கார்ந்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் சுவர் இல்லை.

அதனால் உட்கார்ந்ததும் முதலில் சங்கீதம் 139இன் கடைசி இரண்டு வசனங்களை ஜெபமாகச் சொல்லுங்கள். தேவனே, என்னை ஆராய்ந்து என் இருதயத்தை அறிந்துகொள்ளும் என்பது அது. பிறகு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். ஏதாவது முகம் வந்து நின்றால் அதைத் தள்ளாதீர்கள். பொய் சொன்னது, திருப்பித் தராத ஐம்பது ரிங்கிட், பிள்ளையை அடித்தது என்று எது வருகிறதோ அதைப் பெயர் சொல்லியே அறிக்கையிடுங்கள். ‘என் பாவங்களை எல்லாம் மன்னியும்’ என்று மொத்தமாகச் சொல்லிக் கடந்துவிடாதீர்கள். 1 யோவான் 1:9ஐ நம்புங்கள். அறிக்கையிட்டதை மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர். அதே பாவத்தை அடுத்த நாளும் எடுத்து வைத்துக்கொண்டு அழ வேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உங்களை அடித்தவர், குடித்துவிட்டுத் துன்புறுத்தியவர், சிறு வயதில் கெடுத்தவர் இருந்தால், அவர் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மன்னிப்பது வேறு, அவர் கைக்குள் திரும்பப் போவது வேறு. நம்பிக்கையான ஒருவரிடம் முதலில் பேசுங்கள். மத்தேயு 5 அங்கே தவறு செய்தவனைத்தான் அனுப்புகிறது, காயப்பட்டவரை அல்ல.

லோனை என்ன செய்வது?

இனி அந்த மோட்டார் லோனுக்கு வருவோம். மனது அலைவதை நிறுத்த முயலாதீர்கள், நிறுத்த முடியாது. அலைந்துபோய் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, செய்ய வேண்டியது: கேஸ் தோம்பு (சிலிண்டர்) தீர்ந்துவிட்டது, பிள்ளைக்கு எஸ்பிஎம் தேர்வுப் பயிற்சிப் புத்தகம் வாங்க வேண்டும். இதை நோட்டின் ஓரத்தில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். எழுதியதும் மனது அதை விட்டுவிடும். இன்னொன்று, பயப்படுவது: லோன் கட்ட முடியாமல் வண்டியை இழுத்துப் போய்விடுவார்களோ? இதை எழுதி ஓரமாக வைத்தாலும் போகாது. இதையே ஜெபமாக்குங்கள். ஆண்டவரே, மூன்று மாதத் தவணை நிற்கிறது, ராத்திரி தூக்கம் வரவில்லை என்று தொகையோடு சொல்லுங்கள். "அவர் சமுகத்தில் உங்கள் இருதயத்தை ஊற்றிவிடுங்கள்" என்று சங்கீதம் 62:8 சொல்கிறது. ஊற்றுவது என்றால் அடியில் கிடக்கும் கசடும் சேர்ந்துதான் வரும். அன்னாள் சீலோவில் அப்படித்தான் ஊற்றினாள், பக்கத்தில் இருந்த ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்தான்.

அடுத்து வாசிப்பு. மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், நாளுக்கு அரை அதிகாரம் போதும். மெல்லிய குரலில் வாய்விட்டு வாசியுங்கள், கண் ஓடினாலும் வாய் ஓட முடியாது. தமிழில் புதிய ஏற்பாடு 1715இலேயே தரங்கம்பாடியில் அச்சானது. அத்தனை பழைய மரபு என்பதால் சில சொற்கள் கரடுமுரடாகத் தோன்றும். எளிய நடை மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. அதற்கும் தெம்பில்லாத நாளில் சங்கீதம் 131. மூன்றே வசனம். தாயின் பாலை மறந்த குழந்தையைப் போல என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன் என்கிறது. மடியில் பாலுக்காக முட்டி மோதாமல் சும்மா சாய்ந்து கிடக்கும் பிள்ளை. வாசித்துவிட்டு அப்படியே இரண்டு நிமிடம் இருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஞானஸ்நானம் எடுத்த சூட்டில் சிலர் முதல் வாரமே தினமும் இரண்டு மணி நேரம், கூடவே உபவாசம் என்று இறங்குவார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் மரம் சீவப் புதிதாக வருகிறவர்களும் இதைத்தான் செய்வார்கள், நிறையப் பால் வரட்டும் என்று ஆழமாகச் சீவிவிடுவார்கள். கத்தி மரத்தின் உள்கட்டையைத் தொட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், பிறகு அங்கே சீவவே முடியாது. முதல் மாதம் பத்து நிமிடம். விடாமல் பத்து நிமிடம். போதவில்லை என்று மனது தானாகக் கேட்கும்போது கூட்டுங்கள்.

ஒரு வாரம் விட்டுப்போனால்? விட்டதைச் சேர்த்துப் பிடிக்க வேண்டாம், அன்றைய பத்து நிமிடத்தோடு தொடருங்கள். உடம்பு உண்மையிலேயே களைத்திருந்தால் தூங்குங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாக வேண்டும் என்று கேட்டுப் படுத்தபோது, தேவதூதன் அவனைப் பிரசங்கம் கேட்க எழுப்பவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்க விட்டான், திரும்பவும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். கர்த்தரின் மெல்லிய சத்தம் அவனுக்குக் கேட்டது அதற்கு நாற்பது நாளுக்குப் பிறகு, ஓரேப் மலையில். ஏலியிடம் வளர்ந்த சிறுவன் சாமுவேலையும் நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் மூன்று தடவை கூப்பிட்டும் அவன் ஏலியின் குரல் என்றே எழுந்து ஓடினான். குரல் பழகாத பிள்ளையைக் கர்த்தர் கோபித்துக்கொள்ளவில்லை, நாலாவது தடவையும் கூப்பிட்டார்.

வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் விசுவாசி என்றால்

நம் ஊரில் இது நிறைய. அம்மா அதிகாலையில் குளித்து, சாமி மேடையில் விளக்கேற்றி, பாட்டுப் போட்டுவிடுவார். அந்த நேரத்தில் உங்கள் அறையில் நீங்கள் சத்தமாக ஜெபிக்க வேண்டாம், பாட்டை நிறுத்தச் சொல்லவும் வேண்டாம். அது அவர் வீடு, அவர் பக்தி. நீங்கள் அரை மணி முன்னதாகவோ பின்னதாகவோ உட்காருங்கள். ஜெபம் முடிந்து வந்து அவருக்குத் தேநீர் கலக்கிக் கொடுங்கள். வேதம் வாசித்த மறுநிமிடம் அம்மாவிடம் எரிந்து விழுந்தால், அடுத்த நாள் உரிக்க வேண்டிய ஒட்டுப்பால் அங்கேயே காய ஆரம்பித்துவிட்டது. மறைத்து வைக்கவும் தேவையில்லை. கேட்டால், கொஞ்ச நேரம் ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று சாதாரணமாகச் சொல்லுங்கள்.

கடைசியாக, நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். பெரிய தரிசனம் எதுவும் வேண்டாம். இன்றைக்கு என்ன செய்யச் சொல்கிறீர் என்று கேட்டு, மனதில் வந்ததை எழுதுங்கள். நேற்று என் நோட்டில் இருந்தது இதுதான்: "எதிர்வீட்டுப் பாட்டிக்குக் கண் மருந்து தீர்ந்துவிட்டது. கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை." காலையில் பாட்டியைக் கூட்டிப்போய், மருந்து வாங்கி, வீட்டில் விட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.